மாரி தாண்டியும் எரிகிற வெளி லைற்

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீடு. அம்மாவும் அப்பாவும் தனியத்தான் இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கமும் கிணற்றடியும் ஒரே இருட்டு. போன வருடம் பின்சுவரில் ஒரு எல்ஈடி லைற் போட்டோம். கார்த்திகை மழையோடு ட்ரிப் சுவிச் விழத் தொடங்கியது, பிறகு லைற்றும் செத்துப்போனது. இப்போது மாமா கனடாவிலிருந்து சென்சர் வைத்த லைற் ஒன்று கொண்டுவந்திருக்கிறார். நானே பூட்டலாமா? எப்படிப் பூட்டினால் நின்று பிடிக்கும்?"

தம்பி, புது லைற் கொஞ்ச நேரம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். செத்த லைற் ஏன் செத்தது என்று பார்க்காமல் அதே இடத்தில் அதே வயரில் இன்னொன்றைப் பூட்டினால், வருகிற கார்த்திகையில் இதே கேள்வியைத் திரும்பக் கேட்பீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். மாரி முடிந்து கழற்றிக் கொண்டுவரும் லைற்றுகளை மேசையில் வைத்துத் திறந்தால், பலதில் லைற்றில் ஒரு பிழையும் இருக்காது. பிழை ஜொயின்றில் இருக்கும். பெட்டியில் ஐபி65 என்று பெரிதாக அடித்திருப்பார்கள். 6 என்றால் தூசு உள்ளே போகாது, 5 என்றால் எந்தப் பக்கத்தால் தண்ணீர் பீச்சினாலும் தாங்கும். அது லைற்றின் உடம்புக்குக் கொடுத்த உத்தரவாதம். பின்னால் ஒரு அடிக்குத் தொங்குகிற வால் வயரை நீங்கள் எதனோடு, எப்படி முறுக்கினீர்கள் என்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நம்மூரில் வழமை என்ன? வாலை வீட்டு வயரோடு முறுக்கி, கறுப்பு ரேப் நாலு சுற்றுச் சுற்றி, லைற்றின் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவது. ஆடி ஆவணி வெயிலில் ரேப்பின் பசை இளகி வழியும், சுற்று அவிழும், ஐப்பசியில் முதல் மழை நேரே செம்பில் விழும்.

அதோடு நிற்பதில்லை. பகலில் லைற் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. திடீரென்று மழை பட்டுக் குளிர்ந்தால் அந்தக் காற்றுச் சுருங்கி வெளியிலிருந்து இழுக்கப் பார்க்கும். கண்ணாடிப் பக்கம் ரப்பர் இறுக்கமாக இருப்பதால் அங்கே வழியில்லை. வால் வயரின் மெல்லிய செம்பு நார்களுக்கு இடையில் வழி இருக்கிறது. நனைந்த ஜொயின்றிலிருந்து தண்ணீர் அந்த நார்களுக்குள்ளால் ஊர்ந்து லைற்றுக்குள்ளேயே போய்விடும். "வோட்டர் புறூவ் என்று சொல்லித்தானே விற்றார்கள்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிற பலருக்கு நடந்தது இதுதான். அந்தச் செத்த லைற்றைக் கழற்றி வாலை வெட்டிப் பாருங்கள். செம்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் நான் சொல்வது சரி.

ட்ரிப் சுவிச், அதாவது மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து வீட்டு மின்சாரத்தை வெட்டுகிற சுவிச், விழுந்தது உங்களுக்கு நல்ல காலம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ட்ரிப் விழுகிறது என்று அதையே கழற்றி நேரடியாகக் கொடுத்துவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். நம் வீடுகளுக்கு ஏர்த் என்பது வளவுக்குள் நாங்களே இறக்கிய கம்பிதான். கீழே சுண்ணக்கல், மேலே கொஞ்சம் மண். சித்திரையில் மண் வறண்டால் அந்தக் கம்பியின் தடை கூடும். 30 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைவ் வயர் லைற்றின் அலுமினிய உடம்பில் தொட்டால் 230 வோல்ற்றை 30 ஆல் பிரித்து வருகிற கிட்டத்தட்ட 8 அம்பியர்தான் மண்ணுக்குள் ஓடும். 10 அம்பியர் பிரேக்கர் அதைச் சாதாரண பாவனை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். லைற்றின் உடம்போ மின்சாரத்தோடு நிற்கும். ட்ரிப் சுவிச்சுக்கு அவ்வளவு தேவையில்லை. போன மின்சாரத்துக்கும் திரும்பி வந்ததற்கும் 30 மில்லிஅம்பியர் வித்தியாசம் இருந்தால், அதாவது ஒரு அம்பியரில் நூறில் மூன்று பங்கு, அது விழுந்துவிடும். கோடிப்பக்கத்தில் ஈரக்காலோடு நிற்கிறவரைக் காப்பாற்றுவது பிரேக்கர் அல்ல, இதுதான்.

இன்னொரு விசயம் நிறையப் பேரைக் குழப்பும். "லைற் சுவிச்சை நிற்பாட்டின பிறகும் ட்ரிப் விழுகிறது, ஆகவே லைற்றில் பிழையில்லை" என்பார்கள். அப்படியில்லை. சாதாரண சுவிச் லைவ்வை மட்டும்தான் வெட்டும். மின்சாரம் திரும்பி வருகிற வயரான நியூட்றல் அப்படியே லைற் வரைக்கும் போய்க்கொண்டிருக்கும். நனைந்த ஜொயின்றில் நியூட்றலும் ஏர்த்தும் தண்ணீரால் தொட்டுக்கொண்டால், வீட்டில் பிரிஜ்ஜோ மோட்டரோ ஓடுகிற நேரம் நியூட்றலால் திரும்ப வேண்டியதில் ஒரு பங்கு ஏர்த்தால் நழுவும், ட்ரிப் விழும். லைற் அணைந்திருந்தாலும் விழும். ஆகவே வெளி லைற்றுக்கு நான் எப்போதும் இரண்டு வயரையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் சுவிச்தான் போடுவேன், ஏசிக்கும் சுடுநீர் ஹீற்றருக்கும் போடுகிறோமே அந்த மாதிரி. அம்மா அப்பா தனியே இருக்கிற வீட்டில் இதன் அருமை மழை இரவில் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ட்ரிப் விழுந்து வீடு முழுக்க இருட்டானால், அப்பா அந்த ஒரு சுவிச்சை நிற்பாட்டிவிட்டு ட்ரிப்பைத் தூக்கலாம். வெளி லைற் மட்டும் இருக்காது, வீடு எரியும். காசு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால், பிரேக்கரும் ட்ரிப்பும் ஒன்றாய்ச் சேர்ந்த சிறியது ஒன்றை வெளி லைற்றுகளுக்கென்று, வீட்டு ட்ரிப் சுவிச்சுக்குப் பின்னால் வராதபடி, போர்ட்டில் தனியாகப் போடச் சொல்லுங்கள். அப்போது நனைந்தாலும் அதுமட்டும்தான் விழும்.

சரி, இனி மாமாவின் கனடா லைற். அதைத் திருப்பி, முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். கனடாவில் வீட்டுக்கு வருவது 120 வோல்ற், நமக்கு 230. சீட்டில் 120 என்று மட்டும் இருந்தால் இங்கே கொடுத்த கணமே போய்விடும், சில நேரம் சத்தத்தோடு. 100 முதல் 240 வரை என்றோ 120 முதல் 277 வரை என்றோ இருந்தால் பயமில்லை. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50 என்பது எல்ஈடிக்கு ஒரு பிரச்சினை இல்லை. சென்சர் வைத்தது என்றால் சென்சருக்கும் சேர்த்துத்தான் அந்த எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லைற்றின் டிரைவர், அதாவது வருகிற மின்சாரத்தை எல்ஈடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பகுதி, தாங்கினாலும் சென்சருக்குள் இருக்கும் சின்னப் பலகை 120க்கு மட்டும் செய்ததாக இருக்கலாம். 120 மட்டும்தான் என்றால் ட்ரான்ஸ்போமர் வைத்து இறக்கி ஓட்டலாம்தான், ஆனால் ஒரு லைற்றுக்காக வருடம் முழுக்க அது சூடாகி நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. மாமாவுக்கு நன்றி சொல்லிப் பெட்டியிலேயே வையுங்கள். லண்டனிலிருந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை, அங்கேயும் 230தான்.

வோல்ற் சரிவந்தாலும் நிறத்தில் ஏமாறாதீர்கள். கனடா வயரில் கறுப்புத்தான் லைவ், வெள்ளை நியூட்றல், பச்சையோ வெறும் செம்போ ஏர்த். நம் பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்றல். புதிதாக இழுத்ததில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்றல், பச்சை மஞ்சள் கோடு ஏர்த். "கறுப்போடு கறுப்பு" என்று கொடுத்தால் லைற் எரியும், எரிவதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் லைவ் நியூட்றல் மாறி நிற்கும். சாதாரண சுவிச் என்றால், அது வெட்டுவதாக நினைப்பது ஒன்று, உண்மையில் வெட்டுவது இன்னொன்று. இரவில் அணைத்த பிறகும் எல்ஈடி மின்மினி மாதிரி மங்கலாக எரிகிறது என்று பலர் கேட்பார்கள். சுவிச் நியூட்றலில் நிற்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் பக்கத்தில் இது கூடுதல். 1990க்குப் பிறகு வருடக்கணக்காக மின்சாரமே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் இருந்தோம், இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்கள் கிடைத்த வயரில், கிடைத்த ஆளைக்கொண்டு அவசரத்துக்கு வயரிங் செய்த வீடுகள் எத்தனை. சுவருக்குள் என்ன நிறம் என்ன வேலை செய்கிறது என்பதை நிறத்தை நம்பிச் சொல்லமுடியாது, அளந்துதான் பார்க்கவேண்டும்.

அந்த லைற்றின் முதுகும் கவனிக்க வேண்டியது. அங்கே வீட்டுச் சுவரில் வட்டப் பெட்டி ஒன்று ஏற்கெனவே புதைந்திருக்கும். லைற்றின் தட்டு அதை மூடிக்கொண்டு உட்காரும், ஜொயின்ற் சுவருக்குள்ளே போய்விடும். நம் சுவரில் அப்படி ஒரு பெட்டி இல்லை. அப்படியே சுவரில் வைத்து அடித்தால் பூச்சின் மேடு பள்ளத்தால் தண்ணீர் முதுகுக்குள் இறங்கும். ஒரு வோட்டர் புறூவ் வட்டப் பெட்டியைச் சுவரின் மேலேயே பூட்டி, அதன் மேல் லைற்றைப் பூட்டுங்கள்.

எங்கே பூட்டுவது? என் முதல் தெரிவு எப்போதும் கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே. மழையும் வெயிலும் நேரே படாத ஒரு முழ இடம் அங்கே இருக்கிறது. அந்த ஒரு முழம் எந்த ஐபி எண்ணையும்விடப் பெரியது. உயரம் 8 முதல் 10 அடி. அதற்குக் கீழே என்றால் யாரும் கையால் எட்டித் திருப்பிவிடுவார்கள், மேலே போனால் சென்சர் சோம்பேறியாகிவிடும். சுவரின் நடுவில் பூட்டாமல் கோடிப்பக்க மூலையில் பூட்டினால் இரண்டு பக்கத்தையும் ஒரே லைற் பார்க்கும்.

சில இடங்களில் பூட்டவே கூடாது. தென்னை, பனை, மாமரத்தில் ஆணி அடித்துப் பூட்டாதீர்கள். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் மரம் ஆடி ஆடி வயரைத் தின்றுவிடும். கிணற்றடிக் கம்பத்தில் பூட்டுவதற்கு வீட்டிலிருந்து வயரை, உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பியோடு சேர்த்துக் கட்டி இழுக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். கொடிக்கம்பி இரும்பு, காற்றில் அது வயரை அராவிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் தோல் பிய்ந்து கம்பி முழுக்க மின்சாரம் ஏறும். ஈரச்சேலையோடு அதைத் தொடப்போவது அம்மா. தகர வேலியில் வயரைச் செருகிக்கொண்டு போவதும் இதே கதைதான், தகரத்தின் விளிம்பு கத்தி. கிணற்றடிக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் வீட்டுச் சுவரிலிருந்தே சரித்து அடிக்கலாம். கிணறு முப்பது நாற்பது அடிக்குள் இருந்தால் 20 வாற் தாராளம்.

வாற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 50, 100 என்று பெரிதாக வாங்கினால் கள்ளன் பயப்படுவான் என்று நினைக்கிறார்கள். கண் கூசுகிற லைற்றுக்குப் பின்னால் நிற்கிறவனைத்தான் உங்களால் பார்க்கமுடியாது. வெளிச்சத்தின் ஓரத்தில் நிழலும் அவ்வளவுக்குக் கறுத்துப்போகும். நல்ல எல்ஈடி ஒரு வாற்றுக்கு 100 லூமன் அளவில் கொடுக்கும், ஆகவே 20 வாற்றுக்கு 2000 லூமன், பழைய 100 வாற் குமிழைவிடக் கூட. ஒன்று பெரிதாகப் போடுவதற்குப் பதில் இரண்டு சிறிதாக இரண்டு மூலையில் போடுங்கள். முகத்தை நிலத்தைப் பார்க்கச் சரியுங்கள். நிமிர்த்திவைத்தால் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை வெளிச்சமாகும், உங்கள் முற்றம் ஆகாது. நிறத்தில் 6500 கெல்வின் நீல வெள்ளையைவிட 3000 மஞ்சள் வெள்ளை எனக்குப் பிடிக்கும். பூச்சி குறைவாக வரும். பூச்சி வந்தால் பல்லி வரும், சிலந்தி வலை கட்டும், வலை சென்சருக்கு முன்னால் ஆடினால் லைற் இரவு முழுக்கக் கூத்தாடும்.

இனி வயர். 20 வாற் என்பது பத்தில் ஒரு அம்பியர் அளவு, மலிவு டிரைவர் என்றாலும் அதில் இரண்டு மடங்கு. ஆகவே தடித்த வயர் தேவை என்பது மின்சாரத்துக்காக அல்ல. வீட்டுக்குள் வழமையான 1/1.13, அதாவது 1.13 மி.மீ. ஒற்றைக் கம்பி வயர், போதும். வெளியே தெரிகிற பகுதிக்கு மட்டும் உருண்டையான மூன்று கோர் கேபிள், 1.5 சதுர மி.மீ., எடுங்கள். உருண்டை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வோட்டர் புறூவ் பெட்டியின் வாயில் இருக்கும் கிளாண்ட் வட்டமானது, அதற்குள் இருக்கும் ரப்பர் வட்டக் கேபிளைத்தான் இறுக்கிப் பிடிக்கும். நாம் எல்லோரும் பாவிக்கிற தட்டையான ட்வின் வயரைச் செருகி எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு பக்கத்திலும் பிறை மாதிரி இடைவெளி இருக்கும். ஐபி65 பெட்டி அங்கேயே தோற்றுப்போகிறது. அந்த இடைவெளியால் எறும்பும் போகும். ஒரு முறை ட்ரிப் விழுகிற வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தால், லைவ்வுக்கும் ஏர்த்துக்கும் குறுக்கே காய்ந்த பல்லி ஒன்று கிடந்தது. மழையே பெய்யாத பங்குனியில்.

ஜொயின்றை ஒழிப்பதுதான் சிறந்த வழி. லைற்றின் உடம்பைத் திறந்து உள்ளேயே நீளக் கேபிளைப் பூட்டக்கூடிய மாதிரி வாங்கினால், அந்தக் கேபிளை நேரே சுவரால் வீட்டுக்குள் கொண்டுபோய் உள்ளே ஜொயின்ற் பண்ணலாம். வெளியில் ஜொயின்ற் என்றே ஒன்று இருக்காது. வால் வயரோடு ஒட்டி வருகிற லைற் என்றால், அந்த வால் எட்டுகிற தூரத்தில், தாழ்வாரத்துக்குக் கீழே, பெட்டி வைத்து அதற்குள் ஸ்குறூ கொனெக்டரிலோ நெம்பு வைத்த கொனெக்டரிலோ பூட்டுங்கள். முறுக்கி ரேப் சுற்றுகிற வேலை வெளியில் வேண்டாம். கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து இறங்கக் கூடாது. கீழே ஒரு வளைவாகத் தொங்கி, அங்கிருந்து மேலேறிக் கீழ்ப்பக்கத்தால் நுழைய வேண்டும். தண்ணீர் வயரோடு ஓடிவந்து அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும். கைச்செலவு இல்லாத வேலை, ஆனால் பத்து வீட்டில் எட்டு வீட்டில் இருக்காது.

சுவரில் துளை போடும்போதும் அதே புத்திதான். உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கீழ்நோக்கிச் சரிந்து போகவேண்டும். மட்டமாகவோ எதிர்ப்பக்கம் சரிந்தோ போட்டால் மழைநீர் துளையால் அறைக்குள் நடந்து வரும். துளையின் வெளிவாயைச் சிலிக்கன் வைத்து அடையுங்கள். கடையில் வாங்கும்போது வினாகிரி மாதிரி மணக்கிற சிலிக்கனை வயர் பக்கத்துக்கு எடுக்காதீர்கள். அது காயும்போது விடுகிற அமிலம் செம்பை அரிக்கும், எல்ஈடிக்கும் ஆகாது. மணமில்லாத, நியூட்றல் என்று எழுதிய வகை கொஞ்சம் விலை, அதுதான் வேண்டும். லைற்றின் தட்டைச் சுற்றி மேலேயும் இரண்டு பக்கமும் பூசுங்கள், கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள். எப்படியோ உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர ஒரு வாசல் வேண்டும்.

சுவர் எப்படிப்பட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. சீமெந்துக் கல் சுவர் என்றால் 6 மி.மீ. துளையும், ஸ்குறூ பிடிக்க அதற்குள் செருகுகிற றோல் பிளக்கும் போதும். ஆனால் துளை கல்லின் பொந்துக்குள் விழுந்தால் பிளக் சுழலும், துளையை இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் என்றால் வேறு கதை. பூச்சு மட்டும் ஒரு அங்குலத்துக்கு மேல் இருக்கும், அது விரலால் சுரண்டினாலே உதிரும். இரண்டரை அங்குல ஸ்குறூ போட்டு உள்ளே இருக்கும் கல்லைப் பிடிக்க வேண்டும். ஹமர் போடாமல் மெதுவாகத் துளையுங்கள், இல்லாவிட்டால் ஒரு ரூபாய்க் காசு அளவு துளை கேட்டவனுக்குத் தேங்காய் அளவு குழி கிடைக்கும்.

ஸ்குறூ துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். குடாநாட்டில் எந்த வளவிலிருந்தும் கடலோ கடனீரேரியோ தூரமில்லை, உப்புக்காற்று எல்லா இடமும் வரும். குருநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையோர வீடுகளில் லைற் பெட்டியோடு வருகிற மஞ்சள் ஸ்குறூ ஒரு வருடத்தில் தலை கழன்றுவிடும். அலுமினிய உடம்பில் சாதாரண இரும்பு ஸ்குறூ உப்பு ஈரத்தோடு சேர்ந்தால், அது துருப்பிடிக்கும், அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூக்கும், பிறகு கழற்றவே வராது. பூட்டுவதற்கு முன் திருகில் கொஞ்சம் வஸ்லின் தடவினால் அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். அது நானாகவும் இருக்கலாம்.

கேற் வரைக்கும் நிலத்துக்குக் கீழால் கொண்டுபோக யோசித்தால், வெள்ளைப் பிவிசி வயரைக் குழாயில் போட்டு அரை அடியில் புதைக்கிற வேலை வேண்டாம். வாழைக்குப் பாத்தி கட்டுகிறவரின் மண்வெட்டி ஒரு நாள் அதைக் கண்டுபிடிக்கும். இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்ட் கேபிள், ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம், கவசத்துக்கு ஏர்த். கல்லுப் பூமியில் அவ்வளவு தோண்டுவது கஷ்டம், ஆகவே எனக்கென்றால் கேற்றடிக்கு மட்டும் சோலர் லைற் போடுவேன். 2022இல் நாள் ஒன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஊரில் எரிந்தது சோலர் லைற்தான். அதில் 200 வாற், 300 வாற் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், பலகையின் அகலத்தைப் பாருங்கள். ஒரு கொப்பி அளவு பலகையால் 200 வாற் வராது.

நீங்களே செய்யலாமா என்று கேட்டீர்கள். இடம் பார்ப்பது, துளை போடுவது, பெட்டியும் லைற்றும் பூட்டுவது, குழாயும் கேபிளும் இழுப்பது எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். போர்ட்டில் கொடுக்கிற கடைசி வேலையை ஒரு எலெக்ரீசியனிடம் விடுங்கள். கேபிள் எல்லாம் இழுத்தபின், லைற்றைக் கொடுக்காமல், வயரின் தோல் சரியாக இருக்கிறதா என்று அளக்கிற 500 வோல்ற் மெகர் வைத்து லைவ், நியூட்றல் இரண்டுக்கும் ஏர்த்துக்கும் இடையில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் எங்கேயோ தோல் பிய்ந்திருக்கிறது. அதே நேரம் ஏர்த் கம்பியையும் பார்க்கச் சொல்லலாம். நீங்கள் கை வைக்கும்போது மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள். அதை நிற்பாட்டுவதற்கு முன், ரெஸ்ரரை மின்சாரம் இருக்கிற ஓரிடத்தில் தொட்டு அது எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் இல்லாத இடத்தில் தொட்டுப் பாருங்கள். செத்த ரெஸ்ரர் எல்லா வயரையும் "மின்சாரம் இல்லை" என்றுதான் சொல்லும். தெருக்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வயர் உங்கள் மெயின் சுவிச்சுக்குக் கட்டுப்படாது, அது எப்போதும் உயிரோடு இருக்கும். அது வந்து விழுகிற பக்கத்தில் அலுமினிய ஏணி வைக்கவே வேண்டாம்.

சென்சரில் மூன்று வயர் இருக்கும். நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலும் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்றல், சிவப்பு லைற்றுக்குப் போவது. இங்கே சிவப்பு நாம் பழகிய லைவ் அல்ல, சென்சர் சம்மதித்தால் மட்டும் லைவ் ஆகிறது. நியூட்றல் சென்சருக்கும் லைற்றுக்கும் பொது. லைவ்வுக்கும் அந்தச் சிவப்புக்கும் நடுவில், படுக்கையறையில் ஒரு சாதாரண சுவிச் போட்டால், சத்தம் கேட்கிற இரவில் அம்மா கட்டிலில் இருந்தபடியே லைற்றைத் தொடர்ந்து எரியவிடலாம். நான் சென்சர் பூட்டுகிற எல்லா வீட்டிலும் இதைப் போட்டுக் கொடுக்கிறேன்.

சென்சர் பார்ப்பது ஆளை அல்ல, நகர்கிற சூட்டை. அதுவும் அதன் முன்னால் குறுக்கே போகிற சூட்டை நன்றாகப் பிடிக்கும், நேரே அதை நோக்கி நடந்து வருகிறவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆகவே வருகிற பாதைக்குக் குறுக்காகப் பார்க்கும்படி திருப்புங்கள். பெட்டியில் 12 மீற்றர் என்று எழுதியிருந்தாலும் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் சுவரும் நிலமும் உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடுவதால் அவ்வளவு தூரம் எட்டாது. ஆடுகிற வாழையிலையோ சூடேறுகிற தகரக் கூரையோ நேரே தெரிகிற மாதிரி வைக்காதீர்கள். ஒழுங்கையைப் பார்க்க வைத்தால் போகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் எரியும், இரண்டு வாரத்தில் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள்.

சென்சர் இல்லாமல் இரவு முழுக்க எரியவிட்டால் 20 வாற்றுக்கு மாதம் 6 அல்லது 7 யூனிற் வரும். பெரிய காசில்லை என்றாலும் மாதம் 60 யூனிற்றை ஒட்டி நிற்கிற வீடு என்றால் கவனம், அந்தக் கோட்டைத் தாண்டினால் முழுக் கணக்கே மாறும்.

சென்சரின் அடியில் மூன்று திருகு இருக்கும். எவ்வளவு நேரம் எரிவது, எவ்வளவு இருட்டில் வேலை தொடங்குவது, எவ்வளவு நுட்பமாகப் பிடிப்பது. பகலில் பரிசோதிக்க நேரத்தைக் குறைத்து, வெளிச்சத் திருகைச் சூரியன் படம் பக்கம் வைத்து, ஒரு நிமிடம் காத்திருங்கள். மின்சாரம் கொடுத்ததும் சென்சர் நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் கெட்டுவிட்டது என்று கழற்றாதீர்கள். பிறகு நிலா பக்கம் திருப்புங்கள். கடைசியாக, பொழுதுபட்டபின் நீங்கள் நடந்து பார்க்காமல் அம்மாவை நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் எட்டிப்போடுகிற வேக நடைக்குப் பிடிக்கிற சென்சர், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வருகிற ஆளுக்குப் பிடிக்காமல் விடும். அவர் கோடிக்கதவைத் திறந்து இரண்டாவது அடி வைப்பதற்குள் எரிகிற அளவுக்கு நுட்பத் திருகைக் கூட்டுங்கள். நேரத்தை, அவர் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக்கொண்டு திரும்பி வந்து கதவைச் சாத்துகிற வரைக்கும் வையுங்கள். எங்கள் வீட்டில் அது நாலு நிமிடம்.